ஜன்னலோரத்துத் துண்டு

வண்டி பஸ் நிலையத்துக்குள் நுழைந்ததும் பேச்சிமுத்து தன் தோளில் கிடந்த துண்டை உருவி ஜன்னல் வழியாக வீசினார். அது ஜன்னலோர சீட்டில் விழுந்து, 'இனி இது எங்க இடம்' என்று கையைக் காலை நீட்டிப் படுத்தது.

படுத்து மூச்சு விடுவதற்குள் அதன் வயிற்றின் மேல் ஒரு கைக்குட்டை வந்து விழுந்தது.

"எழுந்திரு தம்பி, இங்க ஆள் வருது" என்றது துண்டு.

"எனக்கும்தான் ஆள் வருது. எங்க சார் முன்னாடியே போட்டுட்டாரு, காத்துல லேட்டாயிடுச்சு" என்றது கைக்குட்டை.

"சாண் அகலம் இருந்துகிட்டு உனக்கு ஜன்னலோரம் கேக்குதோ?"

"அளந்து பார்த்தா இடம் தர்றாங்க?"

துண்டுக்குக் கோபம் பொத்துக்கொண்டு வந்தது. நூல் பிரிகிற அளவுக்குக் கத்தியது. அந்தச் சண்டையில், "பக்கத்து வண்டிதான் முதல்ல கிளம்புதாம்!" என்று வெளியே யாரோ கூவியது இரண்டுக்கும் கேட்கவில்லை.

கூடையோடு ஏறிய ஒரு அம்மாள் இரண்டையும் சேர்த்துத் தூக்கிப் பிடித்தாள். "இது யாருதுப்பா?"

துண்டும் கைக்குட்டையும் தங்கள் ஆட்களைத் தேடின.

இரண்டும் ஜன்னல் வழியே எட்டிப் பார்த்தன. பக்கத்து வண்டி நகர்ந்துகொண்டிருந்தது. அதில் பேச்சிமுத்துவும் கைக்குட்டைக்கார சாரும் ஒரே சீட்டில் உட்கார்ந்து, ஒரே பொட்டலத்தில் கடலை தின்றுகொண்டிருந்தார்கள்.

அம்மாள் துண்டால் சீட்டைத் தட்டினாள். இரண்டையும் கம்பியில் போட்டுவிட்டு ஜன்னலோரம் உட்கார்ந்தாள்.

கொஞ்ச தூரம் போனதும் கைக்குட்டை மெதுவாகச் சொன்னது: "யோசிச்சுப் பார்த்தா, முதல்ல வந்தது நீங்கதான் அண்ணே."