சன்னக்குரல்

“ஒங்க எடத்துல நிக்கிறானே ஆசிக்கு, அவன் ஏலமாண்ணே விடுறான்? காதுக்குள்ள ரகசியம்ல சொல்றான்!”

நலம் விசாரிக்க வந்த சிலமலை ஊர் விவசாயி பேச்சிமுத்து பொரிந்து தள்ளினார்.

சுருளி பதில் சொல்லவில்லை. சொல்லக் கூடாது. தொண்டையில் ஆபரேஷன் முடிந்து பத்து நாள்தான் ஆகிறது.

போடி காய்கறிப் பேட்டையில் இருபத்திரண்டு வருடமாக ஏலம் விட்டவர் சுருளி. அவர் “ஒரு தரம்!” என்றால், மலைக்கு ஏலக்காய் பறிக்க ஜீப்பில் போகிற பெண்கள்கூடத் திரும்பிப் பார்ப்பார்கள். அந்தத் தொண்டையில்தான் புற்று.

ஆபரேஷனுக்கு மதுரைக்குத் துணையாகப் போனவன் முகம்மது ஆசிக். சுருளி ஏலம் விடுகிற கமிஷன் கடையில் எடை போடுகிறவன். டாக்டர் கம்ப்யூட்டரில் ஒரு படத்தைக் காட்டினார்.

“தொண்டைக்குள்ள ஒருவித வெளிச்சத்தை அடிச்சுக் கேமராவுல பார்த்தா, நோய் பிடிச்ச சதை தனி நிறமாத் தெரியும். அந்த எல்லையைப் பார்த்துப் பார்த்து லேசர்ல எடுத்துருவோம். நல்ல சதையை முடிஞ்சவரைக்கும் தொட மாட்டோம்.”

“பேச்சு வருமா சார்?” சுருளி கேட்டார்.

“வரும்.”

அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் ஆபரேஷன் முடிந்து சுருளி ஊர் திரும்பினார்.

வீட்டில் மனைவி மகாராணி தக்காளியைக் கூடையில் கொட்டினால் போதும், அவர் உதடு தானாக அசையும். ஒரு தரம்... ரெண்டு தரம்... சத்தமே இருக்காது. அவள் பார்க்காதது போல அடுப்படிக்குப் போய்விடுவாள்.

மூன்றாம் வாரம் பேசலாம் என்றார்கள். “மகாராணி” என்று கூப்பிட்டார். தகரத்தில் மணலைத் தேய்த்த மாதிரி வந்தது. அவள் சந்தோஷத்தில் அழுதாள். அவர் அழுதது வேறு எதற்கோ.

ஒருநாள் மனசு கேட்காமல் பேட்டைக்குப் போய், மூட்டைகளுக்குப் பின்னால் நின்று பார்த்தார். பேச்சிமுத்து சொன்னது நிசம்தான். ஆசிக் முணுமுணுத்துக்கொண்டிருந்தான். வியாபாரிகள் கழுத்தை நீட்டி, “ஏ, பேசாம இருங்கப்பா, ஒண்ணும் கேக்கல!” என்று ஒருவரையொருவர் அதட்டிக்கொண்டிருந்தார்கள்.

சுருளிக்கு வயிறு எரிந்தது. நல்ல தொண்டையைக் கொடுத்து வச்சிருக்கான் கடவுள், இவன் திறக்க மாட்டேங்கிறானே. எனக்கு மட்டும் அது இருந்தா...

மூன்று மாதம் கழித்து, முதலாளி அப்துல் அஜீஸ் ஆள் அனுப்பினார். “நாளைக்கு வந்து நில்லு, சுருளி.”

மறுநாள் மூட்டை மேல் ஏறி நின்றார். இந்த இரைச்சலில் யாருக்குக் கேட்கப்போகிறது? கண்ணை மூடிக்கொண்டு ஆரம்பித்தார்.

“சிலமலை எலுமிச்சை... ஒரு தரம்...”

பேட்டை கப்பென்று அடங்கியது.

கண்ணைத் திறந்தார். அத்தனை பேரும் அவர் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். கடைசி மூட்டை வரைக்கும் ஒருத்தர்கூடக் “கேக்கல” என்று சொல்லவில்லை.

ஏலம் முடிந்தது. தெருமுனையில் ஒரு லாரி, பின்னால் கயிறு தொங்க, கிளம்பிப் போய்க்கொண்டிருந்தது. வாசலில் நின்ற ஆசிக் அதைப் பார்த்துவிட்டான்.

“ஏய்ய்ய்... டிரைவரே! லோடு சரியுது, நிறுத்து!”

தகரக் கூரை அதிர்ந்தது. முனை திரும்பப்போன லாரி அப்படியே நின்றது.

சுருளி மூட்டையிலிருந்து இறங்கி வாசலுக்கு வந்தார். “ஆசிக்கு... இம்புட்டுத் தொண்டையை வச்சுக்கிட்டா மூணு மாசமா முணுமுணுத்தே?”

ஆசிக் தலையைச் சொறிந்தான்.

“மதுரையில மாத்திரை வாங்கப் போறப்ப டாக்டர்ட்ட தனியாக் கேட்டேண்ணே. பேச்சு வரும், பழைய சத்தம் வராதுன்னாரு. ஒங்க சத்தத்தைக் கூட்ட நம்மளால முடியாது. அதான் பேட்டை சத்தத்தைக் கொறச்சு வச்சேன்.”