கவிழ்த்து வைத்த வாளி

நான்காவது மாடி பால்கனியில் அந்த நீல வாளி கவிழ்ந்தபடியே கிடந்தது. குழந்தை விழுந்த நாளிலிருந்து அதை யாரும் தொடவில்லை. வீட்டைக் கட்டி விற்ற கம்பெனியின் அதிகாரி, வாளியை மட்டும் எல்லாப் பக்கமிருந்தும் செல்போனில் படம் எடுத்தார்.

"இத இங்க கவுத்து வச்சது யாரும்மா?"

"நான்தான்" என்றாள் வாசுகி. "தண்ணி தேங்குனா டெங்கு கொசு வரும்னு மாநகராட்சியிலேர்ந்து வந்து சொல்லிட்டுப் போனாங்க. பாப்பாவுக்குக் காய்ச்சல் வந்துடக் கூடாதேன்னு தினமும் கவுத்துடுவேன்."

"குழந்தை அதுமேல ஏறித்தான் விழுந்திருக்கு. நீங்க கொஞ்சம் கவனமா இருந்திருக்கலாம்."

அவள் கணவன் குமரவேல் தரையைப் பார்த்தான். இத்தனை நாளும் வாய்விட்டுச் சொல்லாமல் அவனும் அதையேதான் சொல்லிக்கொண்டிருந்தான்.

குழந்தை விழுந்த இடத்தையும் படம் எடுக்க, அதிகாரி வாளியைச் சுற்றிக்கொண்டு போய்க் கைப்பிடிக் கம்பியில் சாய்ந்தார். கம்பி அவர் தொடைக்குத்தான் வந்தது. செல்போனை நீட்டிக்கொண்டு இன்னும் கொஞ்சம் குனிந்தார். குதிகால்கள் தரையைவிட்டு எழும்பின.

"ஐயோ, சார்!"

வாசுகி பாய்ந்து அவர் சட்டையை முதுகுப்பக்கம் கொத்தாகப் பிடித்து இழுத்தாள். நழுவிய செல்போன் கீழே சிதறும் சத்தம் சற்றுக் கழித்துத்தான் கேட்டது.

அவருக்கு மூச்சு வாங்கியது.

"நீங்க பக்கெட் மேல ஏறலையே சார்" என்றாள்.

அவர் உள்ளே போகப் பார்த்தார். அவள் சட்டையை விடவில்லை.