சிந்திய சோளம்

மான்களுக்காகக் காட்டோரம் வைத்திருந்த தீவனத் தொட்டியில் கிளைக்கொம்பன் என்ற ஆண்மான் வாய் வைத்துவிட்டால் வேறு எந்த மானும் கிட்டே போக முடியாது. அதைப் பார்க்கப் பார்க்கச் செவலை என்ற பெண்மானுக்கு வயிறு எரிந்தது. ஒருநாள் தொட்டிக்கடியில் சிந்திக் கிடந்த சோளத்தை அவள் மோந்தாள்.

“தொடாதே அக்கா, மழையில் நனைந்து பூசணம் பிடித்திருக்கிறது,” என்றது அருகே பூச்சி கொத்திக்கொண்டிருந்த மயில்.

“மேலே இருப்பது கொம்பனுக்கு, கீழே இருப்பது உனக்கு, எனக்கு மட்டும் புல்லா?” என்று சொல்லிவிட்டு அவள் வயிறு முட்டத் தின்றாள்.

மறுநாள் வயிறு உப்பி, எழ முடியாமல் தொட்டியருகே கிடந்தாள். மயில் பக்கத்தில் நின்று காக்கைகளை விரட்டியது. அப்போது கிளைக்கொம்பன் தொட்டியை விட்டுக் கீழே குனிந்து, மிச்சச் சோளத்தை மோந்தான்.

“வேண்டாம், வேண்டாம்!” என்று மயில் அலறியது.

செவலை முனகினாள்: “பார்த்தாயா, அதையும் அவனே தின்னப் பார்க்கிறான்.”