மேஸ்திரியின் முத்தெழுத்து

இதில் ஒரு வரி பொய்யென்றாலும் என் பேனாவில் மை உறைந்துபோகட்டும்.

பக்கவாதத்தில் வலது கை மடங்கிப்போன கட்டட மேஸ்திரிக்கு எழுத்துப் பயிற்சி தர வந்த சிகிச்சைப் பெண், "முன்னாடி எப்படி எழுதுவீங்க, ஐயா?" என்று கேட்டாள்.

"முத்து முத்தா! என் வரியைப் பார்த்தா சுவருக்கு மட்டம் பார்க்குற ரசமட்டமே வெட்கப்படும்."

"பழைய எழுத்து ஏதாவது காட்டுங்க. அதைப் பார்த்தே பழகலாம்."

மேஸ்திரிக்கு வேர்த்துக் கொட்டியது.

"எனக்கு எழுதின கடுதாசியே ஒரு பெட்டி இருந்துச்சும்மா," என்றாள் மனைவி. "அத்தனையும் கரையான் தின்னுடுச்சு. அதுக்கும் ருசி தெரிஞ்சிருக்கு! இவர் மறுபடி ஒருதரம் என் பேரை எழுதிட்டா எனக்குப் போதும்."

ஆறு மாதம் படாதபாடு பட்டார். அவருடைய 'அ' முதலில் நண்டு போலவும், பிறகு நசுங்கிய நண்டு போலவும் இருந்தது. என்னுடையது இன்றைக்கும் அப்படித்தான் என்பது வேறு விஷயம்.

ஒருநாள் மனைவியின் பெயரை முழுசாக எழுதி நீட்டினார்.

"அப்படியே பழைய கையெழுத்து!" என்று அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

"பின்னே? சரக்கு உள்ளேதானே கிடந்துச்சு!" என்று மேஸ்திரி மீசையை முறுக்கினார்.

கல்யாணப் பதிவேட்டில் அவர் வைத்தது கைநாட்டு. விரலில் ஒட்டிய மையைத் துடைத்துவிட்டவள் அவள்தான்.