இடப்பக்கம் சுற்றிய ஸ்வெட்டர்

"டார்லீன் இன்னைக்கு அழப்போறாங்க," என்றான் கேலப், அட்டைப்பெட்டிக்குள் எட்டிப் பார்த்துவிட்டு.

பிரிட்டாவும் எட்டிப் பார்த்தாள். வெள்ளைக் கம்பளி ஸ்வெட்டர். நெஞ்சின் நடுவே டி.என்.ஏ.வின் இரண்டு இழைகளும் முறுக்கிவிட்ட ஏணி மாதிரி மேலே ஏறின. படிகளில் சிவப்புக்குப் பச்சை, மஞ்சளுக்கு நீலம் என்று ஒரு ஜோடிகூடப் பிசகவில்லை.

"அழகாத்தானே இருக்கு?"

"எந்தப் பக்கம் சுத்துதுன்னு பாரு."

பார்த்தாள். இடப்பக்கம்.

டி.என்.ஏ. வலப்பக்கமாக முறுக்கிக்கொண்டு ஏறும், திருகாணியின் மரை போல. அதை மாற்றி வரைந்த யாரையும் பேராசிரியர் டோலஃப்சன் முப்பது வருஷத்தில் சும்மா விட்டதில்லை. புட்டியில் படத்தைத் திருப்பிப் போட்ட ஷாம்பூ கம்பெனிக்கு மூன்று கடிதம் எழுதியவர். டீன் ஆசையாகக் கட்டி வந்த டி.என்.ஏ. டையைப் பிடித்து நிறுத்தி, கூட்டத்தின் நடுவே பாடம் எடுத்தவர்.

டோலஃப்சனுக்கு இன்று பிரிவு உபசாரம்; ஸ்வெட்டர் அவருக்கு டார்லீனின் பரிசு. கீழே கூடத்தில் துறையே ஆளுக்கொரு பாத்திரத்தில் சாப்பாட்டோடு வந்து கூடியிருந்தது.

"நாலு மாசமாப் பின்னினாங்களாம்," என்றான் கேலப். "பாவம், லேப்ல புட்டி கழுவுறவங்க. வலது என்ன, இடது என்ன, அவங்களுக்கு எங்க தெரியப்போகுது? எல்லார் முன்னாடியும் மனுஷன் கிழிச்சுத் தொங்கவிடப் போறார்."

மாதிரிப் படம் வரைந்து கொடுத்ததே பிரிட்டாதான். ஒரு காபி நேரத்தில் நோட்டிலிருந்து ஒரு தாளைக் கிழித்து, ரெண்டு நிமிஷத்தில் கிறுக்கி, "இதைப் பார்த்து அப்படியே பின்னுங்க டார்லீன், போதும்" என்று பெரிய மனுஷி மாதிரி நீட்டியிருந்தாள்.

அவளுடைய ஆய்வேட்டில் டோலஃப்சன் இன்னும் கையெழுத்துப் போடவில்லை.

"பெட்டியை எங்கயாவது ஒளிச்சு வெச்சிடலாமா?" என்றாள்.

அதற்குள் டார்லீனே வந்து பெட்டியைத் தூக்கிக்கொண்டார். "என்ன கண்ணுங்களா, ரெண்டு பேரும் எழவு வீட்டுக்கு வந்த மாதிரி நிக்கிறீங்க? வாங்க, உருளைக்கிழங்கும் கறியும் போட்டுச் சுட்ட ஹாட்டிஷ் ஆறிப்போகுது."

கூடத்தில் டோலஃப்சன் பெட்டியைப் பிரித்தார். ஸ்வெட்டரை இரு கையாலும் விரித்துப் பிடித்தார். நெற்றியில் கிடந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார்.

டீன் தன் கழுத்து டையை ஒருமுறை தொட்டுப் பார்த்துக்கொண்டார்.

டோலஃப்சன் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார். காது இரண்டும் சிவந்துவிட்டன.

"கழுத்து..." என்றார். "கழுத்து அளவு ரொம்பச் சரியா இருக்கு."

தலைவழியாக ஸ்வெட்டரை மாட்டிக்கொண்டார். எல்லோரும் கைதட்டினார்கள்.

"மனுஷனுக்குக் கண்ணு போயிடுச்சுப்பா," என்று கிசுகிசுத்தான் கேலப். "உன் ஆய்வேட்டுல நீ தைரியமா கையெழுத்து வாங்கிக்கலாம்."

பிரிட்டாவுக்கு மூச்சு வந்தது. ஆனால் பக்கத்து மேசையில் முதல் வருஷப் பையன்கள் இரண்டு பேர், டார்லீனைக் கண்ணால் காட்டி, காற்றில் விரலை இடப்பக்கமாகச் சுற்றிச் சுற்றிச் சிரித்துக்கொண்டிருந்தார்கள். டார்லீன் அதைக் கவனிக்காமல் அவர்களுக்கே எலுமிச்சை கேக்கை வெட்டி வைத்துக்கொண்டிருந்தார்.

பிரிட்டா கேக்கைத் தொடாமல் தட்டை வைத்துவிட்டு, கூடத்திலிருந்து கிளம்பிவிட்ட டோலஃப்சனைத் தேடி அவர் அறைக்குப் போனாள். அவர் அதே ஸ்வெட்டரோடு புத்தகங்களைக் கட்டிக்கொண்டிருந்தார்.

"புரொபசர், ஒண்ணு சொல்லணும். இந்த ஸ்வெட்டர் இடப்பக்கம் சுத்துது."

"அப்படியா?"

"தப்பு டார்லீனோடது இல்லை. படம் நான் வரைஞ்சு கொடுத்தது. அவங்களுக்கு இதெல்லாம் தெரியாது, இருந்த மாதிரியே பின்னிட்டாங்க. யாராவது சிரிச்சா, தப்பு என்னோடதுன்னு சொல்லிடுங்க. கையெழுத்து நீங்க எப்பப் போட்டாலும் சரி."

டோலஃப்சன் கையிலிருந்த கயிற்றைக் கீழே வைத்தார்.

"டார்லீனுக்குத் தெரியாதுன்னு உனக்கு யார் சொன்னது?"

பிரிட்டா ஸ்வெட்டரை மறுபடி பார்த்தாள்.

"இருபத்தாறு வருஷமா நான் கத்துறதைக் கேட்டுக்கிட்டேதான் அவங்க புட்டி கழுவுறாங்க. நீ படம் கொடுத்த அன்னைக்கு சாயந்திரமே அந்தத் தாளோட இங்க வந்து நின்னாங்க."

"எதுக்கு?"

"'பொண்ணு இடப்பக்கமா வரைஞ்சிருக்கு. ஆசையாக் கொடுத்தது, நான் திருத்திப் பின்னினா முகம் சுண்டிப்போயிடும். நான் அப்படியே பின்னுறேன், அன்னைக்கு ஒரு நாள் மட்டும் நீங்க வாயை மூடிக்கிட்டுப் போட்டுக்குங்க'ன்னு சொல்லத்தான்."