விடுவதற்கு ஓர் அம்பு

ஜெசிந்தாவின் செயற்கைக் கைக்குக் கைபேசியில் கட்டமும் அம்புமாகப் படம் வரைந்து காட்டினால் போதும். வேண்டிய நிரலை அதுவே எழுதிக்கொள்ளும். மகள் அபிஷா முதன்முதலாகப் பள்ளிக்குப் போகும் நாளுக்கென்று 'சாலை' என்றொரு கட்டம் வரைந்து, அங்கிருந்து 'பிள்ளையைப் பிடி' என்ற கட்டத்துக்கு ஆசையாய் அம்பு போட்டிருந்தாள். வழியெல்லாம் கை பூப்போலப் பிடித்து வந்தது. ஜெசிந்தாவுக்குச் சந்தோஷத்தில் தலைகால் புரியவில்லை.

பள்ளி வாசலிலும் அது விடவில்லை.

"விடும்மா, பெல் அடிச்சாச்சு."

"நான் அப்பவே விட்டாச்சு மக்ளே. இந்தக் கைதான் விடமாட்டேங்கு."

மறு கையால் கைபேசியைத் திறந்தாள். விடுவதற்கு அம்பே போடவில்லை. கைபேசியைப் பிடித்த கையாலேயே வரையவும் வரவில்லை. அபிஷா எட்டி, 'பிள்ளையைப் பிடி'யிலிருந்து கோணலாக ஒரு கோட்டை வெளியே இழுத்தாள். அதையே வளைத்துத் திரும்ப அதே கட்டத்தில் கொண்டுவந்து சேர்த்தாள்.

"சாயங்காலம் வந்துருவேன்லா."

கை திறந்தது.