மூன்றரை பெஞ்சு

விடை மூன்றரை பெஞ்சு என்று வந்தது.

அடித்துவிட்டு மறுபடியும் போட்டாள். மறுபடியும் மூன்றரை.

பத்தாம் வகுப்புக் கணக்குத் தேர்வு. தனித்தேர்வர்களுக்கான அறை. அவளுக்கு வயது முப்பத்தெட்டு.

காலையில் அவள் வாசலில் தயங்கி நின்றபோது, மேசையில் ஒட்டியிருந்த பதிவெண்ணைக் கண்காணிப்பாளர் தட்டிக் காட்டினார்.

"உக்காருங்கம்மா. இது உங்க எடந்தான்."

இப்படி ஒரு சொல்லை ஊராட்சி அலுவலகத்தில் அவள் கேட்டதில்லை.

அந்த ஊராட்சிக்கு அவள்தான் தலைவர். உறுப்பினர்கள் அறுவரும் ஊருக்குள்ளிருந்து வருபவர்கள், அவள் காலனியிலிருந்து. சட்டம் அவளுக்குப் பதவி தந்தது. முத்திரை தந்தது. நாற்காலியை மட்டும் ஊர் தன்னிடமே வைத்துக்கொண்டது.

அறையில் ஆறு நாற்காலிகள். இரண்டு ஆண்டுகளாகச் சுவரோரம் நின்றே தலைமை வகிக்கிறாள்.

சென்ற கூட்டத்தில் துணைத்தலைவர் சீனிச்சாமி உட்கார்ந்தபடியே கோப்பை நீட்டினார்.

"நின்னமேனிக்கே கையெழுத்தப் போடு தாயி. நீ உக்காந்தாத்தான் மழை பெய்யுமாக்கும்?"

ஆறு நாற்காலிகளும் சிரித்தன.

அடுத்த கூட்டம் இன்று, பிற்பகல் மூன்று மணிக்கு.

வினாவின் மேல் விரலை வைத்து, சொல் சொல்லாகப் படித்தாள்.

ஒரு கூட்டத்தில், பெஞ்சுக்கு மூவராக அமர்ந்தால் தலைவர் உட்பட மூவருக்கு இடமில்லை. ஐவராக அமர்ந்தால் ஒரு பெஞ்சு காலியாகிறது. கூட்டத்திற்கு வந்தவர் எத்தனை பேர்?

தன் சமன்பாட்டைப் பார்த்தாள். இடமில்லாதவர் இரண்டு பேர் என்று எழுதியிருந்தாள்.

தலைவரை விட்டுவிட்டிருந்தாள்.

தலைவர் நிற்பது அவளுக்கு ஒரு குறையாகவே படவில்லை.



யாரும் அவள் கையைப் பிடித்து எழுதவைக்கவில்லை. அந்த இரண்டு, அவளே எழுதியது.

அதை அடித்தாள். மூன்று என்று அழுத்தி எழுதினாள்.

பெஞ்சு நான்கு. வந்தவர் பதினைந்து பேர்.

மணி அடித்தது. தாளைக் கொடுத்துவிட்டுப் பேருந்து ஏறினாள். வீட்டுக்குப் போகவில்லை. சாப்பிடவில்லை.

இரண்டரை மணிக்கு அலுவலகத்துக்குள் நுழைந்தாள். ஆறு நாற்காலிகளும் காலியாகக் கிடந்தன.

வரவேண்டியவர்கள் ஏழு பேர். அதில் ஒருத்தி வந்துவிட்டாள்.

மூன்று மணிக்கு வாசலில் செருப்புகள் கழலும் ஓசை கேட்டது. சீனிச்சாமியின் இருமல் கேட்டது.

அவள் எழவில்லை.